மூன்றரை

புதன்கிழமை இரவு ஏழரை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மக்டொனால்ட் தீவு நூலகத்தில்
வாகனப் பழுது நூல்களின் அலமாரிக்குப் பக்கத்தில்
தூங்குவதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.
பன்னிரண்டு மணிநேர ஷிப்டின் கருப்பு
இன்னும் நகக்கண்ணில்.
மகளைக் கூட்டிப்போக வந்தவன்.

எட்டு நாற்காலி, எட்டுப் பிரதி.
அட்டையில், கொம்பெல்லாம் உப்புப் பூத்த ஒரு மான்.
உலகம் முடிந்து நாற்பது வருடம் ஆகிவிட்டதாம்.
பதினாறு வயதுக்காரி ஒருத்தி
அதன் முதுகில் ஏறி
எரிந்த கண்டத்தைக் கடக்கிறாளாம்.

மனிதர் எக்கேடும் கெடட்டும்,
மான் பிழைத்தால் போதும் என்றாள் ஹோடான்.
முதல் நூறு பக்கம் சவ்வு என்றான் ஜெரிக்கோ,
"அப்பா செத்த மறுநாளே முத்தமா?"
மறுநாள் இல்லை, மூன்றாம் நாள் என்று
பக்கம் புரட்டிக் காட்டினாள் கண்ணாடிக்காரி.
அதுவும் ஒன்றே ஒன்றுதான் என்று
யாரோ முணுமுணுக்க, மேசையே குலுங்கியது.
நறுமுகை சிரிக்கிறாளா என்று
அரைக்கண்ணால் பார்த்தேன்.

"கரடி பேசுவதை நம்பிவிட்டேன்.
துரத்துகிறவன் லாரியில்
நாலு நாளாக பெட்ரோல் தீரவில்லையே,
அதை எப்படி நம்ப?"
என்றான் நியூஃபவுண்ட்லாந்துப் பையன் கீகன்.
அறுபத்து மூன்றாம் நெடுஞ்சாலை
ஒரு கணம் அந்த அறைக்குள் வந்து போனது,
ஓரங்கட்டிய வண்டிகளோடு.

ரேலீன், சிப்பவயானிலிருந்து வந்தவள், கொட்டாவி விட்டாள்:
"எங்கள் ஆட்களுக்கு உலகம்
எப்போதோ ஒருமுறை முடிந்துவிட்டது.
அதற்கப்புறமும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது.
அதை யாரும் எழுதுவதில்லை."

வில்லன்கள் எப்படி என்று கேட்டார் நூலகர்.
ஆழம் தோண்டித் தீயை எழுப்பியவர்கள்தான் வில்லன்கள்.
தட்டை என்றாள் கண்ணாடிக்காரி.
"தோண்டியவனுக்கும் வீடு இருந்திருக்கும் இல்லையா?
சாப்பாட்டு டப்பா இருந்திருக்கும்."
நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி,
இங்கே எண்ணெய் மணல்.
பூட்ஸ் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"பையில் கத்தி, கயிறு, வரைபடம், ஊசிநூல்.
ஓடுகிற அன்று யார் இதெல்லாம் எடுப்பார்கள்?
நான் டிவி ரிமோட்டை எடுத்தேன்."
சிரித்தார்கள். அவளும்.
"நெருப்பை அழகாக எழுதியிருக்கிறார். நிறம் எல்லாம் சரி.
சத்தத்தை விட்டுவிட்டார்.
கேஸ் சிலிண்டர் ஒவ்வொன்றாக வெடிக்கும்,
தெருத் தெருவாகக் கிட்டே வரும்.
எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழு."

அப்போது அவளுக்கு வயது ஆறு.
பின்சீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டாள்,
குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று
பத்து வருடமாக
ஊருக்கு போன் போடும்போதெல்லாம்
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியில் ஹீட்டர் சூடாக நேரமெடுத்தது.
"உனக்குத் தூங்குகிற மாதிரி
நடிக்கத் தெரியலைப்பா" என்றாள்,
"வாயைக் கொஞ்சம் திறந்து வைக்கணும்."

எத்தனை நட்சத்திரம் போட்டாய் என்று கேட்டேன்,
வேறொன்றும் கேட்க வராமல்.
"மூன்றரை."
அரை எதற்கு?
"மானுக்கு."

டேங்கில் முக்கால் இருந்தும்
பங்கில் நிறுத்தினேன்.
ஏன் என்று அவள் கேட்பதில்லை.
கையுறைக்குள் விரல் மரக்க நின்று நிரப்பித் திரும்பினால்
என் இருக்கையில் அந்தப் புத்தகம்,
அட்டை மேலாக.

மான் பிழைக்குமா என்றேன்.
"படிச்சுப் பாரு.
அடுத்த புதனுக்குள் திருப்பிக் கொடுக்கணும்."